குறி சொல்லும் விசுவாசம்: சுவார்ட்சின் திருச்சிராப்பள்ளிப் பணியும் பெத்லகேம் குறவஞ்சியின் நற்செய்திக் குரலும்

ஆய்வுச்சுருக்கம்

18ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் லுத்தரன் குருவாகிய கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் ஆற்றிய நற்செய்திப் பணி பெரும்பாலும் உரையாடல் வடிவில் அமைந்தது. அவ்வுரையாடல்கள் ஐரோப்பிய வாசகர்களுக்கான நாட்குறிப்புகளாகவே நிலைபெற்றன. அவருடைய மாணவராகிய வேதநாயகம் சாஸ்திரியார் அதே பணியைத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவமாகிய குறவஞ்சிக்குள் அமைத்தார். இம்மாற்றத்தில் நற்செய்தியை உரைப்பவர் யார் என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடையும், அவ்விடைக்கும் கவிஞரின் சாதி நிலைப்பாட்டுக்கும் இடையிலுள்ள முரணும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லுத்தரன் மரபு, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், சுவார்ட்ஸ், வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி, உபதேசியார், சாதி.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகளில் பெத்லகேம் குறவஞ்சி இருவகையாக மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. கிறித்தவச் செய்தியைத் தமிழ் மரபுக்குள் பொருத்திய வெற்றியாக அதனைப் போற்றுவது ஒரு வகை. குறவஞ்சி இலக்கியத்தின் கிளைகளுள் ஒன்றாக அதனை வகைப்படுத்தி உறுப்புகளை எண்ணிக்காட்டுவது மற்றொரு வகை. இவ்விரு நோக்கிலும் விடுபடும் வினா ஒன்று உண்டு. லுத்தரன் திருச்சபையில் நற்செய்தியை உரைக்கும் பொறுப்பு முறையாக அழைக்கப்பட்ட குருவுக்கும், அவருக்குத் துணை நிற்கும் உபதேசியாருக்கும் உரியது. அம்மரபில் பயின்ற கவிஞர், அச்செய்தியின் முதன்மைக் குரலை ஒரு குறத்தியிடம் ஒப்படைத்தது ஏன் என்பதே அவ்வினா. இதற்கு விடை காணத் தஞ்சைக்கு முன் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். சாஸ்திரியாரை வளர்த்த ஆசிரியர் மக்களோடு பேசும் முறையைப் பழகிய களங்களுள் முதன்மையானது அவ்வூரே.

கோட்டையும் தீவும்

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணி, டேனியக் குடியிருப்பின் எல்லையைக் கடந்து உள்நாட்டில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. 1750இல் தமிழகம் வந்த சுவார்ட்ஸ், தரங்கம்பாடியில் பணியாற்றியபின் 1762இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அக்காலத்தில் அந்நகர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் ஆட்சியிலும் ஆங்கிலப் படையின் காவலிலும் இருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவோ, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுப் படையின் பாசறையாக இருந்து மீண்டிருந்தது. கோயிலின் சுற்று மதில்கள் வழிபாட்டோடு போரையும் கண்டிருந்தன.

இச்சூழலில் சுவார்ட்சின் பணி இரு திசைகளில் சென்றது. கோட்டைக்குள் ஆங்கிலப் படைவீரர்களுக்குக் குருவாகவும், 1763இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபின் ஆதரவற்றுப்போன பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தவராகவும் அவர் விளங்கினார். 1766இல் மலைக்கோட்டை அருகே கிறிஸ்து ஆலயம் எழுப்பப்பட்டது. மறுதிசையில், தெருக்களிலும் சத்திரங்களிலும் ஆற்றைக் கடந்து திருவரங்கத்திலும் எதிர்ப்பட்டவர்களோடு தமிழில் உரையாடுவதே அவருடைய அன்றாடப் பணியாயிற்று. இசுலாமியரோடு பேசுவதற்காக அவர் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். பேச்சின் மூலமே விசுவாசம் பிறக்கும், கேள்வியின்றி விசுவாசமில்லை என்னும் லுத்தரன் கொள்கை இங்குச் செயல்முறையாக விளங்கியதெனலாம்.

இப்பணிக்கு நிறுவன வகையில் ஒரு தனித்தன்மை இருந்தது. 1767 முதல் சுவார்ட்ஸ் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவ அறிவு பரப்பும் சங்கத்தின் ஊழியராகப் பணியாற்றினார். ஊதியமும் ஆதரவும் ஆங்கிலிக்கன் தரப்பிலிருந்து வந்தன. போதனையும் வழிபாட்டு முறையும் லுத்தரனாகவே இருந்தன. 1790இல் தஞ்சையில் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டபோதும் லுத்தரன் முறையே கையாளப்பட்டது. இவ்விரட்டை நிலை பின்னாளில் பெரும் பிணக்குக்குக் காரணமாயிற்று.

நாட்குறிப்பில் அடங்கிய உரையாடல்

திருச்சிராப்பள்ளி உரையாடல்கள் இன்று கிடைப்பது சுவார்ட்சின் நாட்குறிப்புகள், கடிதங்கள் வழியாகவே. அவை ஜெர்மனியின் ஹாலே நகரிலும் இலண்டனிலும் இருந்த ஆதரவாளர்களை நோக்கி எழுதப்பட்டவை. அவ்வகை எழுத்துக்கு ஒரு நிலைத்த அமைப்பு உண்டு. இடம் சுட்டப்படும்; எதிர்ப்பட்டவர் பெரும்பாலும் பெயரின்றி ஒரு பிராமணர், ஒரு வணிகர், ஒரு முதியவர் எனக் குறிக்கப்படுவார்; அவருடைய வினா சுருக்கமாகவும் குருவின் விடை விரிவாகவும் பதிவாகும். கேட்டவர் பின்னர் என்ன எண்ணினார், வீடு திரும்பி யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கு அங்கு இடமில்லை.

இதனைச் சுவார்ட்சின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது; எழுத்து வகையின் எல்லை அது. லுத்தரன் பணியாளர்கள் தமிழர் குரலுக்குச் செவிகொடுத்த சான்றும் உண்டு. சீகன்பால்கும் அவருடைய உடன்பணியாளர் குருண்ட்லரும் தமிழரிடம் வினாக்களை அனுப்பி 1712 முதல் பெற்ற விடைக் கடிதங்கள் ஹாலே அறிக்கைகளில் வெளியாயின. எனினும் அவையும் ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே வாசகரைச் சென்றடைந்தன. ஆக, தமிழில் நிகழ்ந்த உரையாடல் தமிழில் எழுதப்படவில்லை. நற்செய்தியைக் கேட்கும் தமிழ் மனம் தமிழ் இலக்கிய வடிவம் ஒன்றைப் பெறவில்லை.

அவ்வாறான வடிவம் சுவார்ட்ஸ் நடந்து சென்ற நிலத்திலேயே வழங்கிவந்தது. தலைவி தெய்வத்தின்மேல் காதல்கொண்டு வருந்துவதும், அவள் நோயின் காரணத்தைக் குறிசொல்பவள் கண்டு தலைவனின் பெயரை வெளிப்படுத்துவதும் வைணவப் பக்தி இலக்கியத்தில் நிலைபெற்ற அமைப்பாகும். திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி இப்பணியைச் செய்கிறாள். ஆழ்வார் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அரையர் சேவை மரபில் முத்துக்குறி என்னும் பகுதி உண்டு. அரையர் சேவை இன்றும் நிகழும் தலங்களுள் திருவரங்கம் தலைமையானது. ஒருவர் மனத்தில் மறைந்துள்ள இறைவேட்கையை மற்றொருவர் பெயர்சொல்லி அறிவித்தல் என்னும் செயலுக்குத் தமிழ் மரபு குறி என்று பெயரிட்டிருந்தது. குருவின் நாட்குறிப்புக்குள் நுழையாத இவ்வடிவத்தை அவருடைய மாணவர் கைக்கொண்டார். திருவரங்க மரபு சாஸ்திரியாரை நேரடியாகத் தூண்டியது என்பது இங்குக் கூறும் கருத்தன்று. நற்செய்தி அறிவிப்புக்கு ஏற்ற இலக்கிய அமைப்பு இந்நிலத்தின் பக்தி வழக்கில் முன்பே இருந்தது என்பதே கருத்து.

மாணவர் கற்ற பள்ளி

1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம், இளமையில் சுவார்ட்சால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டார். பின்னர்த் தரங்கம்பாடியில் டாக்டர் ஜான் முதலிய லுத்தரன் அறிஞர்களிடம் இறையியல் கற்றார். அங்குப் பெற்ற கல்வி வேதபாடத்தோடு நிற்கவில்லை. வானியல், புவியியல், உடற்கூறு முதலிய புதிய அறிவுத்துறைகளும் அதில் அடங்கின. இருபது வயதளவில் தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியப் பொறுப்பை ஏற்ற அவர், உபதேசியாராக வேண்டியவர்களைப் பயிற்றுவித்தார்.

இப்பயிற்சி நிலையத்தின் நோக்கம் அறிஞரை உருவாக்குவதாக மட்டும் அமையவில்லை. ஊர்தோறும் சென்று மக்கள்முன் நின்று பேசக்கூடியவரை உருவாக்குவதே அதன் அடிப்படை. உபதேசியாராக வருபவர் வேதவசனத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். பாமரர் முன்னும் புலவர் முன்னும் ஒருங்கே பேசத் தெரிந்திருக்க வேண்டும். சாஸ்திரியாரின் பெரும்பாலான படைப்புகள் இத்தேவையிலிருந்து பிறந்தவை. அதனால்தான் நொண்டி நாடகம், உலா, கும்மி, அந்தாதி எனக் கேட்டவுடன் மனத்தில் தங்கும் வடிவங்களையே அவர் தேர்ந்தார். பேழை கட்டிய நோவாவின் கதை அவர் கையில் ஞானத்தச்ச நாடகமாயிற்று.

அக்கால லுத்தரன் வழிபாட்டில் பெப்ரிஷியஸ் முதலியோர் ஜெர்மன் மெட்டுகளுக்கேற்ப மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் பாடப்பட்டன. ஆலயத்துக்குள் அவை நிலைபெற்றன. ஆலயத்துக்கு வெளியே, தெருவிலும் திண்ணையிலும் கேட்பவரை நிறுத்தி வைக்கும் ஆற்றல் கீர்த்தனைக்கும் சிந்துக்கும் இருந்தது. இவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் இடத்தில் இருந்தவர் உணர்ந்ததன் விளைவே பெத்லகேம் குறவஞ்சி எனலாம்.

குறியும் வாக்குத்தத்தமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை, குறவஞ்சியின் செல்வாக்கு மிகுந்த களமாக இருந்தது. சுவார்ட்சின் பராமரிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். அதே அவைச் சூழலில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். இதில் இயேசு பாட்டுடைத் தலைவர். திருச்சபையின் உருவகமாகிய தேவமோகினி தலைவி. ஞானசிங்கி குறி சொல்பவள். ஞானசிங்கனும் நூவனும் அவளைச் சார்ந்து வருபவர்கள். தலைவனின் உலா, தலைவியின் வேட்கை, குறத்தியின் வருகை, நில வளம், கைபார்த்தல், சிங்கன் தேடி வருதல் என்னும் மரபுறுப்புகள் பேணப்படுகின்றன. குறத்தி நாடு கூறும் பகுதிகளில் பள்ளியில் கற்பிக்கப்பட்ட உலகப் புவியியலும் இடம்பெறுகிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. லுத்தரன் போதனை குறிபார்த்தலை ஏற்பதில்லை. சாஸ்திரியாரும் நாள், நட்சத்திரம், சகுனம் பார்க்கும் வழக்கங்களைச் சாஸ்திரக் கும்மியில் கடுமையாகச் சாடியவர். குறிபார்த்தலை மறுத்தவரே குறிசொல்பவளை நற்செய்தியின் வாயாக நிறுத்தியது எங்ஙனம்? உருவகம் என்று மட்டும் கூறி இதனைக் கடந்துவிட இயலாது; உருவகத்துக்கும் பொருத்தம் வேண்டும்.

அப்பொருத்தம் லுத்தரன் இறையியலின் மையத்திலேயே கிடைக்கிறது. மனிதன் தன் செயலால் அன்றி, இறைவன் அளித்த வாக்குத்தத்தத்தை நம்புவதாலேயே நீதிமானாகிறான் என்பது லூத்தரின் அடிப்படைப் போதனை. வாக்குத்தத்தம் கண்ணால் காண்பதன்று. காதால் கேட்டு நம்புவது. குறவஞ்சியின் தலைவியும் தலைவனை அடைவதற்குத் தானாகச் செய்யத்தக்கது ஏதுமில்லாத நிலையில் இருக்கிறாள். அவளால் இயல்வது குறத்தியின் சொல்லைக் கேட்டு நம்புவதே. இவ்வாறு குறவஞ்சியின் அமைப்பும் லுத்தரன் விசுவாசத்தின் அமைப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சாஸ்திரக் கும்மி மறுக்கும் குறி எதிர்காலத்தை ஊகிப்பது. ஞானசிங்கி சொல்லும் குறியோ முன்பே கொடுக்கப்பட்ட வாக்கை நினைவூட்டுவது. எனவே கவிஞர் பழைய வடிவத்துக்குள் புதிய பொருளைத் திணித்தார் என்பதைவிட, தம் இறையியலோடு ஒத்த வடிவத்தைத் தெரிந்தெடுத்தார் என்பதே பொருந்தும்.

சிங்கியைத் தேடும் சிங்கன்

நூலின் உருவக அமைப்பில் சிங்கன் குருவையும், நூவன் உபதேசியாரையும், சிங்கி விசுவாசத்தையும் குறிப்பர். இவ்வமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குறவஞ்சி மரபில் சிங்கி முதலில் புறப்படுகிறாள். தலைவியின் இல்லத்துக்குச் சென்று குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். சிங்கன் பின்னரே வருகிறான். பறவைக்குக் கண்ணி வைத்துவிட்டு, அவளைக் காணாமல் தேடி அலைகிறான். இம்மரபு மாறாமல் சிங்கியை விசுவாசமாகவும் சிங்கனைக் குருவாகவும் கொள்ளும்போது, விசுவாசம் முன்னே செல்கிறது. குருப்பணி அதனைத் தேடிக்கொண்டு பின்னே வருகிறது. விசுவாசத்தைக் கண்டடையும் வரை குருவும் உபதேசியாரும் நகைப்புக்குரிய தவிப்பிலேயே இருக்க நேர்கிறது. குறவஞ்சியில் சிங்கனும் நூவனும் தோன்றும் பகுதி அவையோரைச் சிரிக்க வைக்கும் பகுதி என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

குருமாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவர் குருவையும் உபதேசியாரையும் இவ்வகைப் பாத்திரங்களில் நிறுத்தியது எளிய செயலன்று. பறவை பிடித்தல் ஆன்மாக்களை ஈர்க்கும் பணிக்கு உருவகமாகிறது; மனிதரைப் பிடிக்கும் மீனவர் என்னும் நற்செய்தி நூல்களின் உருவகத்தோடு அது இயல்பாக இணைகிறது. ஆயினும் வேட்டைக்காரரின் திறமை மீட்பைத் தருவதில்லை. திருச்சபையாகிய தேவமோகினிக்கு ஆறுதல் தருவது சிங்கியின் சொல்லே. நாட்குறிப்பில் குருவின் விடையே உரையாடலின் முடிவாக அமைந்தது. குறவஞ்சியிலோ குரு வரும்முன்பே செய்தி சொல்லப்பட்டுவிடுகிறது. நற்செய்தி அறிவிப்பு பட்டம் பெற்றவரின் தனியுரிமையன்று, விசுவாசத்தின் இயல்பான செயல் என்னும் கருத்து இவ்வமைப்பின் வழியாகவே வெளிப்படுகிறது.

கையைப் பற்றும் குறத்தியும் பிரிந்த இருக்கையும்

குறி பார்ப்பவள் தலைவியின் கையைப் பற்றியே குறி சொல்ல வேண்டும். மலையில் வாழும் குறத்தி, மாளிகையில் வாழும் தலைவியின் கையைத் தொட்டுப் பார்க்கும் இக்காட்சி குறவஞ்சியின் உயிர்ப்பான இடங்களுள் ஒன்று. சமூக அடுக்கில் கீழே வைக்கப்பட்டவள் சொல்ல, மேலே இருப்பவள் கேட்கிறாள்.

இக்காட்சியைத் தம் நூலின் மையமாக வைத்த சாஸ்திரியார், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையைக் காத்து நின்றவர் என்பது வரலாறு. சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தபின், 1820களில் தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பணித்தளங்கள் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் பொறுப்பாயின. புதிதாக வந்த ஆங்கிலிக்கன் பணியாளர்கள் வேளாளர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் தனித்தனி இருக்கைகள் என்னும் வழக்கை நீக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். அப்பணியாளர்கள் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் தமிழர் விழா வழக்கங்களுக்கும் தடை விதிக்க முயன்றதையும் அவர் எதிர்த்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென ஆணையிட்டபோது தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

பாட்டில் குறத்தியின் கை தலைவியின் கையைத் தொடுகிறது. ஆலயத்தில் அது விலக்கப்படுகிறது. இம்முரணைக் கவிஞரின் தனிப்பட்ட தவறாகக் காட்டுவதும், காலத்தின் இயல்பெனக் கூறி மறைப்பதும் திறனாய்வுக்கு உதவா. முரணுக்கு இடமளித்த இலக்கிய உத்தி எது என்பதே காண வேண்டியது. அவ்வுத்தி உருவகமே. ஞானசிங்கி விசுவாசம் என்னும் கருத்தாக மாற்றப்பட்டவுடன், அவளுடைய குலமும் உடலும் வறுமையும் பின்னொதுங்குகின்றன. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலைவாழ்க்கையின் பசியும் பெருமிதமும் குறத்தியின் வாய்மொழியாகவே ஒலிக்கின்றன. பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தியின் குரல் எடுத்துக்கொள்ளப்படுகிறது, குறத்தி எடுத்துக்கொள்ளப்படவில்லை. வடிவம் திறந்த கதவை உருவகம் பாதி மூடிவிடுகிறது.

இரு சபைகளின் நகரம்

பின்னிகழ்வுகள் இம்முரணை நிறுவன வரலாறாக விரித்தன. 1840இல் தமிழகம் வந்த ஜெர்மன் லுத்தரன் பணி, பின்னர் லைப்சிக் மிஷன் எனப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து விலகியோரில் ஒரு பகுதியினரை அது ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை மொழிபெயர்த்த தமிழறிஞர். சாதியை உடனடியாக ஒழிக்க வற்புறுத்தாதவர். சாதியை எதிர்த்த கார்ல் ஒக்ஸ் அம்மிஷனிலிருந்து பிரிந்து வேறு பணியைத் தொடங்கினார். இவ்வரலாற்றில் வேதனை தரும் ஒழுங்கு ஒன்று தெரிகிறது. தமிழ் வடிவங்களை மதித்தவர்கள் சாதியைப் பொறுத்துக்கொண்டனர். சாதியை எதிர்த்தவர்கள் தமிழ் வடிவங்களைப் புறக்கணித்தனர். தமிழ்ப் பண்பாடும் சாதியும் பிரிக்க இயலாதவை என்னும் பிழையான எடுகோளை இரு தரப்பும் பகிர்ந்துகொண்டதே இதற்குக் காரணம்.

1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, தரங்கம்பாடிப் பேராயரின் பெயரைத் தாங்கியபோதும், தலைமையகத்தைத் திருச்சிராப்பள்ளியில் கொண்டுள்ளது. சுவார்ட்ஸ் எழுப்பிய கிறிஸ்து ஆலயமோ இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஒரே குருவின் பணியிலிருந்து கிளைத்த இரு சபைகள் ஒரே நகரில் நிற்கின்றன. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இரு சபைகளிலும் பாடப்படுகின்றன. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு, அவற்றைச் சபை எல்லைகளைக் கடந்து பரவச் செய்தது. பாட்டு கடந்த எல்லையைப் பாடுவோரும் கடந்தனரா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டோரின் இசையும் உணவும் உழைப்பும் அங்கு உருவகமாக்கப்படாமல் அவர்களுடைய உரிமையாகவே இடம்பெற்றன. சாஸ்திரியார் பாதியில் நிறுத்திய செயலின் மறுபாதியாக இம்முயற்சியைக் கருத இடமுண்டு. குறத்தியின் குரலோடு குறத்தியும் ஆலயத்துக்குள் வர வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

முடிவுரை

திருச்சிராப்பள்ளித் தெருக்களிலும் திருவரங்கக் கரையிலும் சுவார்ட்ஸ் நிகழ்த்திய உரையாடல்கள் அயல்நாட்டு வாசகர்க்கான எழுத்தாக அடங்கின. கேட்பவரை மையமாகக் கொண்ட தமிழ் வடிவம் ஒன்றைத் தேர்ந்து அப்பணியைத் தமிழ் இலக்கியமாக்கியவர் வேதநாயகம் சாஸ்திரியார். குறி என்னும் மரபுறுப்பை வாக்குத்தத்தம் என்னும் லுத்தரன் கருத்தோடு இணைத்ததும், குருவையும் உபதேசியாரையும் விசுவாசத்துக்குப் பின்னால் நிறுத்தியதும் அவருடைய தனிச்சாதனைகள். ஆயினும் அவர் படைத்த காட்சி அவருடைய சமூக நிலைப்பாட்டைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது.

இறையியல் கல்லூரிகளில் பெத்லகேம் குறவஞ்சி இலக்கியப் பெருமையாக நினைவுகூரப்படுவதோடு, நற்செய்தி உரைக்கும் முறை பற்றிய பாடமாகவும் பயிலப்பட வேண்டும். அவ்வாறு பயிலும்போது நூலின் அழகையும் அதை இயற்றியவரின் எல்லையையும் ஒருங்கே காணும் நேர்மை தேவை. தேவமோகினி தன் கையை நீட்டியபோது எதிரில் இருந்தவளின் குலத்தைக் கேட்கவில்லை. அப்பாட்டைத் தம்முடையதெனக் கொண்டாடும் சபைகளின்முன் அக்காட்சி வைக்கும் கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.